பெயர் எத்தனை, பொறுப்பு யாருக்கு? சப்டொமைன் தேடலும் கண்காணிப்பும்

ஸ்ரீரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் இணையதள முகவரி கொஞ்சம் நீளமானது: ஸ்ரீரங்கம்ரங்கநாதர்.எச்ஆர்சிஇ.டிஎன்.ஜிஓவி.இன். இதை வலப்பக்கத்திலிருந்து படித்தால் யார் யாருக்குக் கீழே இருக்கிறார்கள் என்பது விளங்கும். 'இன்' இந்தியாவுக்கான பெயர். அதை நிக்சி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. 'ஜிஓவி.இன்' அரசு அலுவலகங்களுக்கு மட்டும். அதைத் தருவது தேசிய தகவலியல் மையம். அடுத்து வரும் 'டிஎன்' தமிழ்நாடு அரசைக் குறிக்கிறது. 'எச்ஆர்சிஇ' இந்து சமய அறநிலையத் துறை. அந்தத் துறைக்குக் கீழே இருக்கிற கடைசிப் பெயர்தான் கோயிலுடையது. ஏற்கெனவே இருக்கும் ஒரு டொமைனுக்கு இடப்பக்கம் இப்படிச் சேர்க்கப்படும் பெயருக்கு சப்டொமைன் என்று பெயர்.

டொமைன் வேண்டுமென்றால் பதிவாளரிடம் போக வேண்டும், பணம் கட்ட வேண்டும், காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும். கல்லூரிகள் வைத்திருக்கும் 'ஏசி.இன்' பெயர் என்றால் எர்நெட் இந்தியாவிடம் ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். சப்டொமைனுக்கு இது எதுவும் கிடையாது. பெயர்களை எண் முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ் அமைப்புக்குள் நுழைய அனுமதி உள்ள ஒருவர் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் புதுப் பெயர் தயார். செலவும் இல்லை, விண்ணப்பமும் இல்லை, கோப்பும் இல்லை. அதனால்தான் எந்தப் பெரிய நிறுவனத்திலும் சப்டொமைன்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. எத்தனை இருக்கின்றன என்று கேட்டால் சட்டென்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அங்கே ஒருவரும் இருப்பதில்லை.

திருச்சியைப் போல உயர்கல்வி நிறுவனங்கள் குவிந்த ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-இல் பெயர் மாறிய துவாக்குடி என்.ஐ.டி., 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2011-இல் வந்த ஐ.ஐ.எம்., 2013-இல் வந்த ஐ.ஐ.ஐ.டி., அவற்றைச் சுற்றி எத்தனையோ கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும். ஒவ்வொன்றிலும் சேர்க்கைக்கு ஒரு தளம் இருக்கும். தேர்வு முடிவுக்கு, விடுதிக்கு, நூலகத்துக்கு, பழைய மாணவர் சங்கத்துக்கு என்று தனித்தனித் தளங்கள் இருக்கும். மாணவர் மன்றங்களுக்கும் சொந்தப் பெயர் உண்டு; என்.ஐ.டி.யின் நிரலாக்க மன்றமான டெல்டா ஃபோர்ஸ், டெல்டா.என்ஐடிடி.எடு என்ற முகவரியில் இருக்கிறது. கல்லூரிப் பக்கம் போகாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மாநகராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறவர் போய் நிற்கும் டிஎன்அர்பன்ஈபே என்பதும் டிஎன்.ஜிஓவி.இன்-இன் கீழுள்ள ஒரு சப்டொமைன்தான்.

தாக்க நினைப்பவர் முதலில் செய்வது வேவு. நிறுவனத்தின் முதல் பக்கத்தில் யாரும் மெனக்கெடுவதில்லை; அதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அது புதுப்பிக்கப்பட்டும் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் சோதனைக்காகப் போட்டு அப்படியே விட்ட தளம், பழைய பதிப்பில் ஓடும் மென்பொருள், நிறுவியபோது வந்த கடவுச்சொல்லே மாறாமல் இருக்கும் நிர்வாகப் பக்கம் ஆகியவைதான் அவர் தேடுவது. அவை எல்லாம் ஏதாவதொரு சப்டொமைனில் இருக்கின்றன. ஆகவே பெயர்களைத் தேடித் திரட்டுவதுதான் வேவின் முதல் படி. பாதுகாப்புப் பக்கம் இருப்பவரும் அதே தேடலை, அதே கருவிகளைக் கொண்டு, தாக்குபவருக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

டிஎன்எஸ் முறையை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார்; இன்றும் அடிப்படையாக உள்ள அதன் தர ஆவணங்கள் 1987-இல் வந்தன. இந்த முறையில் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பெயருக்கான எண் முகவரி கிடைக்கும். 'உன்னிடம் இருக்கும் எல்லாப் பெயர்களையும் சொல்' என்று பொதுமக்கள் கேட்க வழி இல்லை. ஒரு டிஎன்எஸ் சர்வர் தன் முழுப் பட்டியலையும் இன்னொரு சர்வருக்கு நகலெடுத்துக் கொடுக்க மட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. யார் கேட்டாலும் அந்த நகலைக் கொடுக்கும்படி தவறாக அமைக்கப்பட்ட சர்வர்கள் ஒரு காலத்தில் ஏராளம். இன்று அது குறைந்துவிட்டாலும், ஒரு டொமைனை ஆராய்கிறவர் முதலில் அதைத்தான் முயன்று பார்க்கிறார்; அதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

பட்டியலாகக் கிடைக்காதபோது தடயங்களைத் தேட வேண்டியதுதான். அவற்றில் மிகப் பெரியது பாதுகாப்புச் சான்றிதழ்களின் பொதுப் பதிவேடு. அது ஏன் தேவை என்பதைக் காட்டியதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

உலாவியில் பூட்டுக் குறி வருவதற்கு, அந்தப் பெயருக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதை நம்பிக்கைக்குரிய சான்றளிப்பு நிறுவனம் தர வேண்டும். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவது தெரியவந்தது. அவற்றைக் கொடுத்தது நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை விண்டோஸ் நம்பியதால், விண்டோஸ் கணினிகளில் இந்தப் போலிகளும் செல்லுபடியாகும் நிலை இருந்தது. மறுநாளே மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின. சான்றிதழ் வழங்கும் நடைமுறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்பது விசாரணையில் சொல்லப்பட்ட காரணம். அதன் பிறகு குரோம், அந்த மூலச் சான்றிதழை ஜிஓவி.இன், நிக்.இன், ஏசி.இன் உள்ளிட்ட சில டொமைன்களுக்கு மட்டும் என்று சுருக்கியது.

யார் எந்தப் பெயருக்குச் சான்றிதழ் தந்தாலும் அதை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைத்தாக வேண்டும் என்ற யோசனைக்கு 2013-இலேயே ஒரு தர ஆவணம் வந்திருந்தது. 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ் அப்படிப் பதிவாகியிருந்தால்தான் ஏற்பேன் என்று குரோம் நிபந்தனை போட்டபின் அது உலக நடைமுறை ஆகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டால் அடுத்தவர் மனைக்கும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கலாம் அல்லவா, அதே மாதிரியான திறந்த பதிவேடு இது. மனுகூடத் தேவையில்லை. சிஆர்டி.எஸ்எச் என்ற இலவசத் தளத்தில் ஒரு கல்லூரியின் டொமைனை இட்டால், அதன் கீழ் எந்தெந்தப் பெயர்களுக்கு, எந்த நாளில், யார் சான்றிதழ் தந்தார்கள் என்பது வரிசையாக வந்து விழும்.

அந்த வரிசையை நிதானமாகப் படித்தால் ஒரு நிறுவனத்தின் வரலாறே தெரியும். ஒரு பெயர் ஒரு பிப்ரவரியில் தோன்றுகிறது. ஒரே ஒரு தொண்ணூறு நாள் சான்றிதழ். அதன் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. யாரோ ஒரு கருத்தரங்குக்காகப் போட்டு மறந்த தளம் அது. இன்னொரு பெயரில் 'டெஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் தானாகப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. சோதனைத் தளம் இன்னும் உயிரோடு ஓடுகிறது என்று அர்த்தம். மூன்றாவதில் 'ஓல்டு' என்று இருக்கிறது. பழைய தளத்தை நீக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவேட்டில் சேர்க்க மட்டும்தான் முடியும், அழிக்க முடியாது. புதுப் பெயருக்குச் சான்றிதழ் எடுத்த சில நிமிடங்களிலேயே அந்நியத் தானியங்கிகள் அந்த முகவரியைத் தட்டிப் பார்ப்பது சர்வர் பதிவுகளில் சர்வசாதாரணம். 'யாருக்கும் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது' என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை.

மற்றத் தடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஎன்எஸ் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. தேடுபொறிகள், வேபேக் மெஷின், கிட்ஹப்பில் மாணவர்கள் பொதுவில் போட்டுவைக்கும் நிரல்கள், இணையப் பக்கங்களுக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் எல்லாவற்றிலும் பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. சப்ஃபைண்டர், ஓவாஸ்ப் அமைப்பின் அமாஸ் போன்ற இலவசக் கருவிகள் இத்தகைய பல மூலங்களில் ஒரே நேரத்தில் தேடித் திரட்டித் தருகின்றன. இதுவரை சொன்னவற்றில், முதலில் வந்த நகல் முயற்சியையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைப் படிப்பதையும் தவிர, நிறுவனத்தின் சர்வரை யாரும் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஊகம். மெயில், போர்ட்டல், அட்மின், ஹாஸ்டல் என்று ஆயிரக்கணக்கான சொற்களை டொமைனுக்கு முன் ஒவ்வொன்றாகச் சேர்த்து டிஎன்எஸ்ஸிடம் கேட்பது. கிடைத்த பெயர்களோடு ஆண்டையும் எண்ணையும் ஒட்டி மறுபடி கேட்பது. இங்கே தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு வேலை இருக்கிறது. உலகம் முழுக்கப் புழங்கும் சொற்பட்டியல்கள் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. தமிழ்நாட்டு அரசுப் பெயர்கள் அப்படி இல்லை. நான்முதல்வன், டிஎன்இசேவை என்று தமிழ்ச் சொற்களே ரோமன் எழுத்தில் டிஎன்.ஜிஓவி.இன்-இன் கீழ் இருக்கின்றன. ஒரே சொல்லைப் பல விதமாக எழுதும் பழக்கமும் நமக்கு உண்டு. கோவில் என்பதை நடுவில் 'வி' போட்டும் போடாமலும் எழுதுகிறோம். தமிழ் என்பதற்கு 'எல்' போடுபவரும் உண்டு, 'இசட்எச்' போடுபவரும் உண்டு. ஊர்ப்பெயரே ட்ரிச்சி, திருச்சி, திருச்சிராப்பள்ளி என்று பல வடிவம் எடுக்கிறது. சேவை, கல்வி, பட்டா, வரி, மக்கள் போன்ற சொற்களும் அவற்றின் எழுத்து வேறுபாடுகளும் கொண்ட தமிழ்ச் சொற்பட்டியலைத் தொகுத்து வைத்தால், ஆங்கிலப் பட்டியல் காட்டாத பெயர்களும் அகப்படும். உள்ளூர்க்காரர்களால் மட்டுமே ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலை இது.

ஊகத்தில் ஒரு சிக்கல் உண்டு. சில டொமைன்கள் எந்தப் பெயரைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்றே பதில் தரும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதனால் வாயில் நுழையாத ஓர் அபத்தப் பெயரை முதலில் கேட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் பதில் வந்தால், அந்தப் பதிலைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பிறகு டிஎன்எஸ்எக்ஸ், எச்டிடிபிஎக்ஸ் போன்ற கருவிகளால் ஒவ்வொரு பெயரும் உண்மையில் எங்கே போகிறது, என்ன பக்கம் திறக்கிறது, என்ன மென்பொருள் பதில் சொல்கிறது என்று பார்த்துப் பட்டியலை முடிக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது, திறக்காத பெயர். அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஒரு பொறியியல் கல்லூரியில் ஆண்டு சிம்போசியம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் ஏதாவதொரு மேகச் சேவையில் இணையதளம் செய்கிறார்கள். கணினி மையத்தில் கேட்டு, கல்லூரி டொமைனின் கீழ் ஒரு பெயரை வாங்கி, அதை அந்த மேகச் சேவை முகவரிக்குச் சுட்டும்படி ஒரு சிநேம் பதிவு போடுகிறார்கள். விழா முடிகிறது. ஒருங்கிணைப்பாளர்கள் இறுதி ஆண்டு முடித்து வெளியேறுகிறார்கள். மேகச் சேவைக் கணக்கு மூடப்படுகிறது. சிநேம் பதிவு மட்டும் அப்படியே நிற்கிறது, யாரும் இல்லாத முகவரியைச் சுட்டிக்கொண்டு. பல சேவைகளில் கைவிடப்பட்ட அந்த முகவரியை வேறு ஒருவர் தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவுடன் கல்லூரியின் பெயரில், கல்லூரிக்குத் தெரியாமல், அவர் விரும்பிய பக்கம் ஓடும். அந்தப் பெயருக்கு முறையான சான்றிதழும் அவருக்குக் கிடைத்துவிடும், ஏனென்றால் பெயர் அவர் கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது. பூட்டுக் குறி தெரியும். கட்டணம் கட்டச் சொன்னால் பெற்றோர் நம்பிக் கட்டுவார்கள். முதன்மை டொமைனுக்கும் அதன் எல்லாச் சப்டொமைன்களுக்கும் பொதுவாகக் குக்கீ வைத்திருந்தால், உள்நுழைந்த மாணவரின் அடையாளமும் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

இது கற்பனை அபாயம் அல்ல. 2024 பிப்ரவரியில் கார்டியோ ஆய்வகம் வெளிக்கொண்டுவந்த மோசடியில் 8,000-க்கும் மேற்பட்ட டொமைன்களும் 13,000-க்கும் மேற்பட்ட சப்டொமைன்களும் குப்பை மின்னஞ்சல் அனுப்பப் பயன்பட்டன. அதில் ஒன்று எம்எஸ்என்.காம்-இன் கீழ் மார்த்தா ஸ்டூவர்ட் பெயரில் இருந்த சப்டொமைன். ஒரு பழைய பரிசுப் போட்டிக்காக வேறொரு டொமைனைச் சுட்டிக்கொண்டிருந்தது; அந்த டொமைன் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தது; 2022-இல் யாரோ அதை வாங்கினார்கள்; மைக்ரோசாஃப்டின் பெயர் கைமாறியது. 2025-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சப்டொமைன்களையே இதே வகையில் பிடித்த கூட்டத்தைப் பற்றி இணையப் பாதுகாப்பு நிறுவனமான இன்ஃபோபிளாக்ஸ் எழுதியது. இந்தியாவிலும் 2024 மே மாதத்தில் ஜிஓவி.இன் முகவரிகள் பல சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டது செய்தியானது. அதற்குச் சரியாக எந்த ஓட்டை காரணம் என்பது வேறு கேள்வி. அரசுப் பெயரைப் பார்த்து நம்பும் சாமானியருக்கு அந்த வேறுபாடு தெரியப் போவதில்லை.

இதற்கான தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளிது. தளத்தை மூடும்போது முதலில் டிஎன்எஸ் பதிவை நீக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மேகக் கணக்கை மூட வேண்டும். வரிசை மாறினால் ஓட்டை. பெயர் கொடுக்கும் நாளிலேயே அதற்கு ஒரு பொறுப்பாளரையும் ஒரு முடிவுத் தேதியையும் எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மாணவர் பெயரைப் பொறுப்பாளர் இடத்தில் எழுதுவதில் பயனில்லை, அவர் போய்விடுவார். ஆசிரியர் அல்லது துறை அலுவலகத்தின் பெயர் வேண்டும்.

ஒரு தடவை தேடிப் பட்டியல் போட்டுக் கோப்பில் வைப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. அடுத்த மாதமே அது பழசாகிவிடும். அதனால்தான் தானியங்கிக் கண்காணிப்பு. அமைப்பு ஒன்றும் சிக்கலானதல்ல. ஒரு சாதாரண லினக்ஸ் கணினியில், தினமும் இரவு ஒரு நேரத்தில் மேலே சொன்ன கருவிகள் வரிசையாக ஓடும்படி வைத்துவிடுகிறார்கள். இன்றைய பட்டியலை நேற்றைய பட்டியலோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் மின்னஞ்சலிலோ டெலிகிராமிலோ அனுப்பச் செய்கிறார்கள். புதுப் பெயர் வந்திருக்கிறதா, பழைய பெயர் வேறு இடத்தைச் சுட்டுகிறதா, இருந்த பக்கம் காணாமல் போய்ச் சேவை நிறுவனத்தின் 'இப்படி ஒன்று இல்லை' என்ற பிழைச் செய்தி வருகிறதா, நிறுவனம் வழக்கமாகப் போகாத சான்றளிப்பாளர் சான்றிதழ் தந்திருக்கிறாரா ஆகியவைதான் கவனிக்க வேண்டிய மாற்றங்கள். தினமும் முழுப் பட்டியலை அனுப்பும் அமைப்பை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். மாற்றத்தை மட்டும் சொல்வதுதான் இதன் உயிர்.

எந்த மாதங்களில் கண்ணை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும் என்பதை ஊரே சொல்லும். கல்லூரிகளுக்குத் தொழில்நுட்ப விழாக் காலமும் மே, ஜூன் சேர்க்கைக் காலமும். கோயிலுக்கு மார்கழி வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் திறப்பைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் அறை தேடும் நாட்களில், உண்மைப் பெயரைப் போலவே தோன்றும் போலி டொமைன்களையும் சேர்த்தே தேட வேண்டும். எழுத்தை மாற்றியும் கோடு சேர்த்தும் போலிப் பெயர்களை உருவாக்கிச் சோதிக்க டிஎன்எஸ்ட்விஸ்ட் என்ற கருவி இருக்கிறது. வங்கிகளுக்கு இந்தப் போலிப் பெயர்த் தொல்லை தாங்காமல்தான் ரிசர்வ் வங்கி 2025-இல் எல்லா வங்கிகளையும் பேங்க்.இன் என்ற தனிப் பெயருக்கு மாறச் சொன்னது. கோயில்களைப் பொறுத்தவரை ஜிஓவி.இன் என்று முடிகிறதா என்று பார்ப்பது பக்தர்களுக்கு நல்ல முதல் சோதனை.

வரும் ஆண்டுகளில் இந்தக் கண்காணிப்பின் வேலை கூடத்தான் போகிறது. சான்றிதழின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 47 நாள் என்று ஆக்கச் சான்றளிப்பாளர்களும் உலாவி நிறுவனங்களும் 2025-இல் முடிவெடுத்துவிட்டார்கள். பதிவேட்டில் வரிகள் பல மடங்காகும். கையால் பார்ப்பது நடக்காது. எல்லாச் சப்டொமைன்களுக்கும் ஒரே நட்சத்திரக் குறிச் சான்றிதழ் எடுத்தால் தனிப்பெயர்கள் பதிவேட்டில் தெரியாது என்று சிலர் அந்த வழியில் போகிறார்கள். பெயர் மறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே சாவியைப் பல சர்வர்களில் நகலெடுத்து வைப்பது வேறொரு அபாயம். ஒன்று போனால் எல்லாம் போகும். பெயரை மறைப்பதை விட அதன் பின்னால் இருக்கும் சர்வரை ஒழுங்காக வைப்பதே சரி.

சட்டத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாக இதில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு. பொதுப் பதிவேட்டைப் படிப்பது ஒன்று. கிடைத்த பெயரில் போய்க் கடவுச்சொல்லை முயல்வதும் ஓட்டையைச் சோதிப்பதும் வேறு. உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவின் கீழ் வரும். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதுகாக்கப்பட்ட அமைப்பு என்று அரசு அறிவித்த கணினிகள் என்றால் 70-ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்ற சொல்லை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. எழுத்தில் அனுமதி வேண்டும்.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, இணையத் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இருப்பதே தெரியாத சப்டொமைனில் நடந்த தாக்குதலை எப்படி ஆறு மணி நேரத்தில் அறிவது? பட்டியல் இல்லாத நிறுவனம் இந்த உத்தரவைக் காகிதத்தில்தான் நிறைவேற்ற முடியும்.

திருச்சிக் கல்லூரிகளின் கணினித் துறைகள் இந்தக் கண்காணிப்பை மாணவர்களின் செய்முறைத் திட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் கல்லூரியின் டொமைன், முதல்வரின் எழுத்துபூர்வ அனுமதி, ஒரு பழைய கணினி, இலவசக் கருவிகள் இருந்தால் போதும். தேடும்போது வேறொரு நிறுவனத்தின் ஓட்டை கண்ணில் பட்டால் அதைத் தொடாமல், படம்பிடித்துப் பொதுவில் போடாமல், அந்த நிறுவனத்துக்கும் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவியுங்கள். செர்ட்-இன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-4949.